பவளக்கல், தேவாலயம், நீரோட்டம்: ராமநாதபுரம் கடற்கரையில் ஆய்வு செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலவியல், கட்டடக்கலை, கடலியல் ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, கீழக்கரை, ஓரியூர்ப் பக்கம் களப்பணிக்கு வருகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள். மாணவர்களுக்கும், பழைய தேவாலயத்தை (இங்கே வழக்கில் கோயில்) பழுதுபார்க்கும் பங்கு மக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

மூன்று துறைகளை ஏன் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்?

இந்தக் கரையில் மூன்றுக்கும் பொருள் ஒன்றே, பவளக்கல். பாம்பன் தீவின் வடகரையில் கடலைவிட்டு மேலே நிற்கும் பழைய பவளத்திட்டு தொல்லுயிர் ஆய்வாளருக்கு உரியது. அதே கல்லை வெட்டிச் சுவர் எழுப்பியிருப்பதைத் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தில் காணலாம். காளவாயில் இட்டுச் சுட்டால் அதுவே சுண்ணாம்பு. உடைந்து பொடியானால் கரை மணல். அதை வடகடலுக்கும் (பாக் விரிகுடா) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) நடுவே அள்ளிக்கொண்டு போவது நீரோட்டம்.

தனித்தனியாக வேலை செய்கிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். பவளம் செத்த காலம் ஒன்று, கல் வெட்டிய காலம் ஒன்று, சுவர் எழுந்த காலம் இன்னொன்று. மூன்றுக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளி இருக்கக்கூடும். கல்லின் வயதைக் கட்டடத்தின் வயதாக எழுதிய அறிக்கைகள் இன்றும் சுற்றுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இங்கே டைனோசர் எலும்போ அம்மோனைட்டோ (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிர்) கிடைக்குமா?

கரையில் கிடைக்காது. அவற்றுக்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். ராமநாதபுரத்திலும் அந்தக் காலப் படிவுகள் உண்டு, ஆனால் பூமிக்கு வெகு ஆழத்தில். காவிரிப் படுகையின் ராமநாதபுரம் – பாக் விரிகுடாப் பகுதியில் எண்ணெய், எரிவாயு தேடித் துளையிட்டபோது வந்த நுண்ணுயிர்ப் படிவங்களை வைத்துத்தான் அந்த அடுக்குகளைப் பிரிக்கிறார்கள். வழுதூர் மின்நிலையம் ஓடுவது அந்த எரிவாயுவில்.

கண்ணால் பார்க்கக் கிடைப்பவை இளையவை: மேலெழுந்த பவளத்திட்டு, கரைப்பாறை, சிப்பிப் படிவு, காற்று குவித்த பழைய மணல்மேடு. இளையவை என்று அலட்சியம் வேண்டாம். கடல்மட்டம் எப்போது எங்கே நின்றது என்பதற்குத் தென்னிந்தியாவில் இவ்வளவு நேரடியான சாட்சி அரிது.

இதை முதலில் பதிவு செய்தவர்கள் யார்?

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதிய அறிக்கை 1883இல் வந்தது. ஜெர்மானிய நிலவியலாளர் யோகன்னஸ் வால்தர் இங்கே வந்து பார்த்துவிட்டு, ஆதம் பாலத்தையும் பாக் நீரிணைப் பவளத்திட்டுகளையும் பற்றி 1891இல் எழுதினார். படிவு அடுக்குகளைப் பற்றிய ‘வால்தர் விதி’க்குப் பெயர் தந்தவர் இவர்தான். 1972இல் ஸ்டோடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் ராமநாதபுரத்தின் மேலெழுந்த பவளத்திட்டுகளை அளந்து, கார்பன்-14 மூலம் சுமார் 4,000 ஆண்டு என வயது சொன்னார்கள். உயிரினப் பக்கம் பார்த்தால், குருசடித் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட தொகுப்பு இன்றும் பயன்படுகிறது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போனபின்னும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. பவள இனங்களை அடையாளம் காண அங்கே போய்க் கேட்பதே முறை.

மேலெழுந்த திட்டு என்றால் நிலம் எழுந்ததா, கடல் இறங்கியதா?

இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 10,000 ஆண்டுகளுக்கு முன்கூட 30 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்வு. பாக் விரிகுடாவின் ஆழமோ பெரும்பகுதியில் 15 மீட்டருக்குள். ஆக, அன்று அது வெறும் தரை. பிறகு கடல் ஏறி, இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் இன்றைய மட்டத்தைச் சற்றே தாண்டி நின்று, மெல்ல வடிந்தது. பாம்பன் வடகரைத் திட்டு அந்தக் காலத்தில் வளர்ந்ததென்றால் நிலம் எழ வேண்டிய தேவையே இல்லை. ஒரே வயதுள்ள திட்டுகள் ஒன்றுக்கொன்று கிட்டத்திலேயே வெவ்வேறு உயரத்தில் நின்றால்தான் நிலம் அசைந்ததா என்ற கேள்வி எழும். அதனால்தான் வயதைவிட உயரத்தை அளப்பதில் அதிகக் கவனம் வேண்டும் என்கிறோம்.

உயரத்தை எப்படி அளப்பது? ஜி.பி.எஸ். போதாதா?

கைப்பேசியும் கைக்கருவி ஜி.பி.எஸ்.ஸும் உயரத்தில் பல மீட்டர் பிழை தரும். இங்கே நீங்கள் தேடுவது ஒரு மீட்டர், அரை மீட்டர் வேறுபாட்டை. ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி), அளவுகோல் வைத்து நில அளவைக் குறியிலிருந்து மட்டம் ஓட்டி வாருங்கள். போன வழியே திரும்பி வந்து மூடும்போது பிழை, கிலோமீட்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கி வரும் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 4 கி.மீ. ஓட்டினால் 24 மி.மீ. அதற்கு மேல் வந்தால் மறுபடி ஓட்டுங்கள்.

எதன் உயரத்தை அளக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். புயல் தூக்கிப் போட்ட பவள உருண்டையும் திட்டின் மேல் கிடக்கும். அதன் உயரத்துக்குப் பொருளே இல்லை. வளர்ந்த இடத்திலேயே நிற்கும் பவளம் வேண்டும். அதிலும் நல்லது தட்டைத் தலைப் பவளம், அதாவது மைக்ரோ அட்டால். பெரும்பாலும் போரைட்டிஸ் இனம். வற்றத்தின்போது காற்றுப் படும் மட்டத்துக்கு மேல் அது வளர முடியாமல் தலை தட்டையாகி, பக்கவாட்டில் மட்டும் விரியும். பழைய தட்டைத் தலைக்கும் அருகே இன்று உயிரோடிருக்கும் தட்டைத் தலைக்கும் உள்ள உயர வேறுபாடே உங்களுக்கு வேண்டிய எண். இரண்டும் ஒரே அளவுகோலில் வளர்ந்தவை என்பதால் ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணைப் பிழை இதற்குள் நுழையாது.

இடத்திலேயே வளர்ந்ததா, புரண்டதா என்று பார்க்க: பவளக் கண்கள் (பவள உயிர் இருந்த சிறு குழிகள்) மேல்நோக்கியும் வெளிநோக்கியும் இருக்கின்றனவா, அடி பழைய தரையோடு ஒட்டியிருக்கிறதா, பக்கத்துத் தலைகளும் அதே திசையில் நிற்கின்றனவா? மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த மாதிரியைக் கடல்மட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வயது காண மாதிரி எடுக்கும்போது என்ன தவறு நடக்கிறது?

பவளம் வளரும்போது அதன் எலும்பு அராகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம். மழைநீர் பட்டுப் பட்டு அது கால்சைட் என்னும் இன்னொரு சுண்ணாம்புக் கனிமமாக மாறும். மாறும்போது புதிய கார்பன் உள்ளே வந்துவிடுகிறது. எனவே வெளித்தோலைச் சுரண்டி எடுக்காதீர்கள். உள்ளிருந்து, வெள்ளையாக, சீனிக்கட்டிப் பளபளப்பு இல்லாத பகுதியை எடுங்கள். பளபளத்தால் அது பெரும்பாலும் கால்சைட். பிறகு எக்ஸ்.ஆர்.டி. சோதனை (எக்ஸ் கதிர் கொண்டு கனிமத்தை அறிவது). கால்சைட் 1, 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும். ஆய்வகத்தில் நீர்த்த அமிலத்தில் மேற்பரப்பைக் கரைத்துவிட்டு மிச்சத்தை அளப்பார்கள். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். முறைக்குச் சில பத்து மில்லிகிராம் போதும், ஆனால் சோதனைகளுக்கும் சேர்த்துக் கட்டைவிரல் அளவுத் துண்டு எடுத்தால்தான் நிம்மதி.

கார்பன்-14 கணக்கில் இரண்டு பொறிகள். முதலாவது, கடல்நீரின் கார்பன் காற்றின் கார்பனைவிடப் பழையது. உலகச் சராசரியில் ஏறத்தாழ 400 ஆண்டு. அதற்கு மேல் இடத்துக்கு இடம் ஒரு திருத்தமும் உண்டு. ஆய்வகம் தரும் வெறும் எண்ணையும் திருத்திய எண்ணையும் சேர்த்தே வெளியிடுங்கள். ‘இன்றைக்கு முன்’ என்று வரும் கணக்கில் ‘இன்று’ என்பது 1950.

இரண்டாவது பொறி இன்னும் கொடியது. 1,25,000 ஆண்டுப் பழைய பவளத்தில் கார்பன்-14 எதுவும் மிச்சமிருக்காது. அதில் புதிய கார்பன் 1 சதவீதம் கலந்துவிட்டால் போதும், கருவி சுமார் 37,000 ஆண்டு என்று காட்டும். எண் பார்க்க அழகாக, பிழை எல்லையோடு வரும், நம்பத் தோன்றும். ஆனால் 37,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையதைவிடப் பல பத்து மீட்டர் கீழே இருந்தது. அன்று வளர்ந்த திட்டு இன்று அலைக்கு மேல் நிற்க வழியில்லை. மேலெழுந்த திட்டுக்கு 30,000 முதல் 40,000 வரை வயது வந்தால் யுரேனியம் – தோரியம் முறையில் மறுபடி அளக்காமல் எழுத வேண்டாம்.

கரையில் கிடக்கும் செத்த பவளத்தை எடுத்துப் போகலாமா?

கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டும் அதில் அடங்கும். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், 560 சதுர கி.மீ. தீவில் இறங்க, மாதிரி எடுக்க, கருவி பதிக்க எல்லாவற்றுக்கும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் இடத்தின் ஆயத்தொலைவு, மாதிரியின் எடை, எண்ணிக்கை, வேலை முடிந்ததும் மாதிரி எங்கே வைக்கப்படும் என்பது வரை எழுதுங்கள். ‘தேவையான அளவு மாதிரிகள்’ என்று எழுதினால் கோப்பு அப்படியே கிடக்கும். தரைப்பக்கத் திட்டு பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறையிடம் எழுதிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும்போது அந்தத் தாள்தான் பேசும்.

மிதக்கும் கல் உண்மையில் என்ன?

ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டிருக்கும் கல்லைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி. பவள எலும்பின் அடர்த்தி, துளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் பெரும்பாலும் தண்ணீரைவிடச் சற்று அதிகம்; ஆகவே பொதுவாக மூழ்கும். துளைகளில் காற்று அடைபட்ட இலேசான துண்டு சில காலம் மிதக்கலாம். நுரைக்கல் எனப்படும் எரிமலைக்கல்லோ நன்றாகவே மிதக்கும். 1883இல் கிரகட்டோவா வெடித்தபோது அந்தக் கல் இந்தியப் பெருங்கடல் முழுக்க மிதந்து பரவியது. கரையில் ஒதுங்கிய துண்டு எது என்று அறிய ஒரு சொட்டு நீர்த்த அமிலம் போதும். நுரைத்துப் பொங்கினால் பவளம், சும்மா இருந்தால் நுரைக்கல்.

தேவாலயச் சுவரில் உள்ள கல் திட்டிலிருந்து வெட்டியதா, கடலிலிருந்து உடைத்து எடுத்ததா?

பூதக்கண்ணாடி (10 மடங்கு) வைத்துப் பாருங்கள். கடலிலிருந்து உயிரோடோ செத்த புதிதிலோ எடுத்த கல்லில் பவளக் கண்ணின் நட்சத்திரத் தடுப்புகள் கூர்மையாக, குழிகள் வெறுமையாக இருக்கும். திட்டிலிருந்து வெட்டிய கல்லில் குழிகளை மணலும் சிமெண்டு போன்ற கால்சைட்டும் அடைத்திருக்கும், செம்மண் கறை உள்வரை போயிருக்கும், ஒரே கட்டியில் பல இனப் பவளமும் சிப்பியும் ஒட்டிக் கிடக்கும். தனுஷ்கோடிச் சுவர்களில் காரை உதிர்ந்த இடங்களில் இதைத் தொடாமலே பார்க்கலாம். ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் துண்டைப் படம் எடுங்கள், சுவரைக் கொத்தாதீர்கள். 1964 டிசம்பர் 22–23 புயல் விட்டுவைத்ததை வருகிறவர்கள் ஒவ்வொரு கல்லாகக் கழற்றிவருகிறார்கள்.

கட்டடத்தின் வயதை எப்படிச் சொல்வது?

முதலில் ஓர் எச்சரிக்கை. ஓர் ஊரின் கிறிஸ்தவ வரலாறு பழமையானது என்பதால் அங்கே நிற்கும் கட்டடமும் பழமையானது ஆகிவிடாது. இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி 1549இல் வேதாளையில் கொல்லப்பட்டார். அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். 1947இல் புனிதர் பட்டம். இவை உறுதியான ஆண்டுகள். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையின் கோயில்கள் பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக்கூரையும்தான். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டியிருப்பார்கள். கல்வெட்டில் உள்ள ஆண்டு அடிக்கல்லுக்கா, அபிஷேகத்துக்கா, பழுதுபார்ப்புக்கா என்று படித்துப் பாருங்கள்.

கட்டடத்திலேயே சில கால எல்லைகள் ஒளிந்திருக்கும். மங்களூர் ஓட்டை பாசல் மிஷன் செய்யத் தொடங்கியது 1865இல். ஓட்டின் அடியில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். அந்தக் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கூரை மட்டும்தான், சுவர் பழையதாக இருக்கலாம். இரும்பு உத்திரத்தில் ஆலைப் பெயர் பொறித்திருக்கிறதா பாருங்கள். பாம்பன் பாலம் 1914இல் திறந்தபின் தீவுக்குள் இரும்பும் செங்கலும் சிமெண்டும் ரயிலில் வரத் தொடங்கின. அதற்கு முந்திய கட்டடம் என்றால் பவளக்கல், சுண்ணாம்பு, பனங்கை, தோணியில் வந்த மரம் ஆகியவைதான் எதிர்பார்க்க வேண்டியவை. பனங்கை கூரை தாங்கும் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. நடுக்கூடம் குறுகலாக இருப்பதற்குப் பாணியைவிட இதுவே காரணமாக இருக்கும்.

வளைவை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். அரைவட்ட வளைவு போர்ச்சுக்கீசியம், கூர்வளைவு ஆங்கிலேயர் காலம் என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. கொத்தனார்கள் இரண்டையும் ஒரே கட்டடத்தில் போட்டிருக்கிறார்கள்.

எந்த ஆவணங்களைத் தேடுவது?

கத்தோலிக்கக் கோயில்கள் சிவகங்கை மறைமாவட்டத்தில் வரும். அது 1987இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது என்பதால், பழைய தாள்கள் மதுரையில் இருக்கலாம். இயேசு சபையின் மதுரை மாகாண ஆவணக் காப்பகம் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ளது. பங்கில் ஞானஸ்நான ஏடு, கணக்கு ஏடு இரண்டையும் கேளுங்கள். கணக்கு ஏட்டில் ‘சுண்ணாம்பு வாங்கியது’, ‘ஓடு இறக்கு கூலி’ என்று ஒரு வரி கிடைத்தால் அது பத்துப் பாணி ஒப்பீட்டுக்குச் சமம். சாவி உபதேசியாரிடமோ கோயில்பிள்ளையிடமோ இருக்கும். ஆனால் முதலில் பங்குச்சாமியைப் பார்த்துப் பேசிவிட்டு அவர்களிடம் போங்கள். திருவிழாக் கொடியேற்றத்திலிருந்து தேர் இறங்கும்வரை அளவு எடுக்கப் போக வேண்டாம். யாருக்கும் நேரம் இருக்காது.

சுண்ணாம்புக் காரையின் கலவை விகிதத்தை அமிலத்தில் கரைத்து அறியலாமா?

பாடப்புத்தகத்தில் உள்ள முறை இது: காரையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும், மணல் மிஞ்சும், எடை போட்டு விகிதம் காணலாம். ஆற்றுமணல் போட்ட ஊர்களுக்குச் சரி. இங்கே மணலிலேயே பவளத்தூளும் சிப்பித்தூளும் கலந்திருப்பதால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்டுக் கட்டிய சுவர், ஏறத்தாழ முழுச் சுண்ணாம்பு என்று விடை தரும். அந்த விடையை நம்பிப் பழுதுபார்த்தால் புதுக் காரை சுருங்கி வெடிக்கும். இந்தக் கரைக்கு மெல்லிய வெட்டுத்துண்டு எடுத்து நுண்ணோக்கியில் துகள்களை எண்ணுவதே வழி.

காரையின் சுண்ணாம்பைக் கார்பன்-14இல் அளந்து ஆண்டு காணும் முறைக்கும் இதே தடை. மணலில் உள்ள பழைய பவளக் கார்பன் கலந்து, 100 ஆண்டுச் சுவருக்கு ஆயிரக்கணக்கில் வயது வரும். காளவாயில் சரியாக வேகாத கல்லும் அதே வேலையைச் செய்யும். மாற்று உண்டு: காரைக்குள் சிக்கிய விறகுக் கரியைத் தேடுங்கள். காளவாய்க் கரி சுண்ணாம்போடு வந்து விழுந்திருக்கும். சுள்ளிக் கரியாக இருந்தால் நல்லது. பெரிய மரத்தின் உள்வைரம் என்றால் மரத்தின் வயதும் கூடிவிடும்.

சுவர் பொரிந்து பொரிந்து உதிர்கிறது. சிமெண்டு பூசினால் நிற்காதா?

நிற்காது, கூடுதலாகக் கெடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சுவரில் உள்ள உப்பு கரையும், அதற்குக் கீழே இறங்கும்போது படிகமாகும். கடலோரத்தில் ஈரப்பதம் இந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒரே நாளில் போய்வரும். ஒவ்வொரு முறையும் படிகம் துளைக்குள் வளர்ந்து சுவரை நெம்புகிறது. சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். உப்பு வெளிப்பூச்சில் வந்து, பூச்சுதான் உதிரும், கல் தப்பும். சிமெண்டு போட்டால் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் கல் மாவாகும். ஒரு நாள் சிமெண்டு பலகையாகக் கழன்று விழும்போதுதான் தெரியவரும்.

செய்ய வேண்டியது: தரையிலிருந்து ஏறும் ஈரமா, கூரை ஒழுகலா என்று முதலில் காரணத்தைத் தீர்க்கவும். பிறகு காகிதக்கூழும் களிமண்ணும் நல்ல தண்ணீரில் பிசைந்து சுவரில் அப்பி, காய்ந்ததும் எடுக்கவும். உப்பு அதில் இறங்கிவிடும். எடுத்த கூழை வாலைவடி நீரில் கரைத்து, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெண்மையாகத் திரிந்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது, மறுபடி அப்புங்கள். திரிவது வெகுவாகக் குறைந்தபின் புதிய காரை.

காரைக்குச் சுண்ணாம்பை நீற்றிச் சில வாரமாவது, முடிந்தால் மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறவிடுங்கள். நன்றாக நீறாத கட்டி சுவரில் ஏறினால் பிறகு ஊதி வெடித்துக் குழி விழும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். கழுவாத கடல்மணல் ஆகாது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது வழக்கம். ஒரு தடவைக்கு 10, 12 மி.மீ. கனத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு வெயிலிலிருந்து காக்கவும். சுண்ணாம்பு இன்று கடையில் வாங்குவது. பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது குற்றம். கணக்குக்காகச் சொன்னால், 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, நீற்றினால் 74 கிலோ. பழைய கோயில் ஒன்றுக்கு எவ்வளவு பவளம் காளவாயில் போயிருக்கும் என்று இதிலிருந்து நீங்களே கணக்கிடலாம்.

நீரோட்டம் எந்தக் காலத்தில் எந்தப் பக்கம்?

பொதுவாக அக்டோபர் முதல் ஜனவரி வரை, வாடை வீசும் நாள்களில், பாக் விரிகுடாத் தண்ணீர் பாம்பன் வழியாகவும் மணல் தீடைகளின் இடைவெளி வழியாகவும் தென்கடலுக்கு இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வடக்கே. கடல்காரர்கள் வடக்கிலிருந்து வருவதை வாநீவாடு, தெற்கிலிருந்து வருவதைச் சோநீவாடு என்பார்கள். மாசி, பங்குனியில் இரண்டும் தளர்ந்து, ஓதமும் அன்றன்றைய காற்றும் இழுத்த பக்கம் போகும். வாடைக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் இந்த வழியே வருவதால், உப்புத்தன்மையை அளந்தே தண்ணீர் வந்த திசையைச் சொல்லலாம்.

ஆனால் வங்கக் கடலின் பெரிய கரையோர நீரோட்டம் முழுவதும் இந்த வழியாகப் போவதாக எண்ண வேண்டாம். ஆழமில்லாத இந்த வாய்க்குள் நுழைவது சிறு பங்கு. பெரும்பகுதி இலங்கையைக் கிழக்கே சுற்றிக்கொண்டு போகிறது.

தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை ஒவ்வொரு பருவத்திலும் வடிவம் மாறுவதற்குக் காரணமும் இந்தத் திசைமாற்றமே. தென்கடல் அலை மணலைக் கொண்டுவந்து குவிப்பதும், வாடைக் காலத்தில் வடகடல் அதைக் கரைப்பதும் மாறி மாறி நடக்கும். சென்ற ஆண்டு வரைபடத்தை நம்பி முனையில் கருவி ஊன்றினால், வரும் ஆண்டு அது கடலுக்குள் நிற்கும்.

செலவு குறைவாக நீரோட்டம் அளக்க வழி உண்டா?

மிதவை விடலாம். 1.2 மீட்டர் நீள பி.வி.சி. குழாய் நடுத்தண்டு, மேலும் கீழும் அரை மீட்டர்க் கைகள் நான்கு நான்கு, அவற்றுக்கிடையே தார்ப்பாய் இறக்கை, பார்வைக்குக் கூட்டல் குறி. கை நுனிகளில் சிறிய மிதப்பு, அடியில் 2, 3 கிலோ இரும்பு. முழுவதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வெளியே தெரிவது ஜி.பி.எஸ். பெட்டியும் ஒரு சிறு கொடியும் மட்டும். ஜி.பி.எஸ். சமிக்ஞை தண்ணீருக்குள் இறங்காது என்பதால் பெட்டி மேலேதான் இருக்க வேண்டும். ஆனால் நீருக்குள் உள்ள பரப்பு வெளியே உள்ள பரப்பைப்போல் 40 மடங்காவது இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வெறும் பந்தோ பாட்டிலோ விட்டால் அது காற்று வேகத்தில் 3 சதவீதம்வரை காற்றோடு ஓடும். வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் அது வினாடிக்கு 18 செ.மீ. அரை மணியில் 540 மீட்டர் போன மிதவைக்கு வேகம் வினாடிக்கு 30 செ.மீ. அதில் பாதிக்கு மேல் காற்றின் வேலை என்றால் நீங்கள் அளந்தது என்ன? கடற்காற்று கிளம்புமுன், விடியற்காலையில் விடுங்கள். ஒன்று போதாது; மூன்றோ ஐந்தோ சேர்த்து விட்டால் ஒன்று கடற்புல்லில் மாட்டினாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் இந்த மிதவை தரைதட்டும். பாம்பன் பாலத் தூண்களுக்கு நீரோட்டம் வரும் பக்கம் விட வேண்டாம், தூணிலும் பாறையிலும் அடிபடும்.

பகல் முழுக்க அளந்தோம், ஒரே திசை. அதுதானே பருவ நீரோட்டம்?

இல்லை. ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆறு மணி நேரம் அளந்தால் ஏற்றத்தையோ வற்றத்தையோ மட்டும் பார்த்திருப்பீர்கள். ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் குறுகிய வாய்களில் அதுவே பலமாக இழுக்கும். 24 மணி 50 நிமிடம் தொடர்ந்து அளந்து சராசரி எடுத்தால் ஓதம் கழிந்து பருவ ஓட்டம் மிஞ்சும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு முறையும், அட்டமி பக்கம் ஒரு முறையும் செய்யுங்கள்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து எழுதுவதற்கும் இங்கே தடை உண்டு. கடல்மட்ட அளவி கரையிலிருந்து 20, 30 கி.மீ. வரை நம்பத்தக்கதல்ல. நிறப்படத்தில், ஆழமில்லாத இடங்களில் அடிமணலின் வெளுப்பே நுண்பாசி போலத் தெரியும்.

கடலில் இறங்குமுன் யாரிடம் சொல்ல வேண்டும்?

மீன்துறை, கடலோரக் காவல் குழுமம், வனத்துறை மூவரிடமும் எழுத்தில். இலங்கை எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மிதவை அந்தப் பக்கம் போனால் தேடிப்போக முடியாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் தெரியாமல் பையில் கொண்டுவந்து சிக்கிக்கொள்வார்கள். சிம் அட்டை போட்ட கருவியோ, பதிவு மட்டும் செய்யும் கருவியோ வாங்குங்கள். அரிச்சல்முனைப் பக்கம் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருப்பதால் டிரோனை அனுமதி இல்லாமல் எடுக்கவே வேண்டாம். தேவாலய முகப்பைப் படமெடுக்க நீளக் கம்பில் கேமரா கட்டி, படத்துக்குப் படம் 70 சதவீதம் மேற்பொருந்த எடுத்தாலே முப்பரிமாண மாதிரி வந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். மிதவை விட இது நல்ல நேரம், இழுவலையில் போகாது. மற்ற மாதங்களில் விசைப்படகு போகாத, நாட்டுப்படகு நாள் பார்த்து விடுங்கள். எந்த நாள் என்று இறங்குதளத்தில் கேட்டால் சொல்வார்கள். மிதவையில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: ‘ஆய்வுக் கருவி, ஆபத்து இல்லை, கிடைத்தால் அழைக்கவும்’, கீழே உங்கள் எண். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பெட்டி கரையில் ஒதுங்கினால் முதலில் போலீசுக்குத்தான் போகும், வெடிகுண்டு நிபுணர் வந்தபிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.